மூன்றாம் மிருகம்

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

நைனார்பாளையத்துக்காரங்க பொண்ணு பார்த்துட்டுப் போயிட்டாங்க. பையன் பேரு அருள்மொழி. வாயே திறக்கலை. அவருக்கும் சேர்த்து அவங்கம்மா சந்திரலேகா பேசினாங்க. என்னை ரொம்பப் பிடிச்சிருக்காம். ஒரே ஒரு சின்ன விஷயம்தானாம்.

"பி.டி. டீச்சர்ன்றதுதான் ஒரு மாதிரி இருக்குது. அந்த டிராக் பேண்ட்டு, விசிலு, கபடி இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் வேணாமே. பொடவை கட்டுற டீச்சரா ஆயிக்கட்டும்."

நான் தியாகதுருகத்துல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்குக் கபடி சொல்லித் தர்றேன். கொலையா பண்றேன்?

அப்பா தலையாட்டினார். மக்காச்சோள வியாபாரிகிட்டகூட அவர் அவ்வளவு சீக்கிரம் தலையாட்ட மாட்டார். அவர் இதுவரைக்கும் நான் ஆடி ஒரு மேட்ச் பார்த்தது கிடையாது. "பொம்பளப் புள்ள அர டிராயர் போட்டுக்கினு ஆடறத நான் வேற வந்து பாக்கணுமா" - இதான் அவர் பதில், எப்பவும். காலேஜ்ல நான் வாங்கின கப்புல அம்மா புளி போட்டு வெச்சிருக்கு.

கார்த்திகையில நிச்சயம், தையில கல்யாணம். நான் ஒண்ணும் சொல்லலை. ஏன் சொல்லலை? அம்மா அழுவும். இருபத்தெட்டு வயசாச்சுன்னு மூக்கைச் சிந்தும். கபடியில எதிராளி ஏழு பேர் இருந்தாலும் உள்ளே போயிடுவேன், அம்மா மூக்கைச் சிந்துச்சுன்னா முடிஞ்சுது கதை.

2 மே, வெள்ளி

சக்கரவர்த்தி அண்ணன் போன் பண்ணார். கள்ளக்குறிச்சியில மேக்கப் போடறவர். எங்க பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வருஷா வருஷம் அவர்தான் வந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே மாதிரி ரோஸ் கன்னம் வெச்சுட்டுப் போவார். ஏதோ சினிமா வந்திருக்காம். நாலு காலுல ஓடத் தெரிஞ்ச பொண்ணு வேணுமாம்.

"எங்க வூட்டுல தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவாங்கண்ணா."

"மூஞ்சே தெரியாதும்மா. மேல ரப்பர் தோலு."

போனை வெச்சப்புறமும் அந்த வார்த்தை காதுலயே இருக்கு. மூஞ்சே தெரியாது. லீவு முடிஞ்சா தை வரைக்கும்தான். அப்புறம் பொடவை. ஒருதடவை, யாருக்கும் தெரியாம, நல்லா ஓடிப் பார்த்துட்டா என்ன?

5 மே, திங்கள்

வீட்டுல கோடைப் பயிற்சி முகாம்னு சொல்லிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறிட்டேன். பொய்யும் இல்லை. கோடைதான், பயிற்சிதான்.

டைரக்டர் பேரு தீனதயாளன். சென்னை. ரெண்டு கையாலயும் சதுரம் பிடிச்சு அதுக்குள்ளதான் ஆளைப் பார்க்கிறார். கதை இதான்: கல்வராயன் மலையில குகை ஆராய்ச்சிக்கு ஆறு பேர் இறங்குறாங்க. வாசல் இடிஞ்சு மூடிக்குது. உள்ளே மூணு மிருகம், மனுஷ உருவம். யாருக்குப் பயம் வருதோ அவன் வேர்வையை மோந்து பார்த்து வந்து தின்னும். படத்துக்குப் பேரு 'அடிவயிறு'.

டாக்டர் விளம்பரமா சார்னு கேட்டேன். சிரிக்கலை.

"இது பேய்ப் படம் இல்லம்மா. மனுஷன் தனக்குள்ளயே எறங்கற படம்."

"எறங்குறேன் சார். கீழ மெத்தை போட்டிருப்பீங்களா?"

நான் மூன்றாம் மிருகம்.

8 மே, வியாழன்

வெள்ளிமலை தாண்டி நிஜக் குகையில ஷூட்டிங்னு எல்லாரும் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு வேனை நிறுத்தி வாந்தி எடுத்தது ஆராய்ச்சியாளர்கள் ஆறு பேரும். மிருகங்க நாங்க கடலை தின்னுக்கினு வந்தோம்.

குகையைப் பார்த்து டைரக்டருக்கு முகமே செத்துப்போச்சு. எங்க வூட்டு சமையக்கட்டு அளவுதான் இருக்குது. உள்ளே நாலு ஆடு. ஆட்டை வெளியே ஓட்டினா அதுங்க கேமரா பக்கம் திரும்பி வந்து நிக்குது. சினிமா ஆசை யாரை விட்டுச்சு.

ரெண்டாம் மிருகமா வரவேண்டிய சென்னைப் பொண்ணு ரப்பர் தோலைப் பார்த்துட்டு அடுத்த பஸ்ஸுல இறங்கிப் போயிடுச்சு. பக்கத்துக் கொல்லையில சாமைக்குப் புழுதி ஓட்டிக்கினு இருந்த மூக்காயி அக்கா வேடிக்கை பார்க்க வந்தாங்க. "இன்னா, இவ்ளோ பேரு ஒரு ஆட்டுப் பட்டிக்குள்ள போறதுக்கு?"ன்னு கேட்டாங்க. டைரக்டர் கையால சதுரம் பிடிச்சுப் பார்த்தார். ரெண்டாம் மிருகம் கிடைச்சுடுச்சு.

12 மே, திங்கள்

குகை கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு காலி மக்காச்சோளக் குடோனுக்கு வந்துடுச்சு. சாக்கு, சுண்ணாம்பு, தெர்மக்கோல். கறுப்புப் பெயிண்ட் அடிச்சா பாறை. தும்மினா பாறை ஆடுது. ஆராய்ச்சியாளர் தலைவி தேவிப்ரியா ஒரு பாறை மேல சாஞ்சாங்க, பாறை அவங்களோட சேர்ந்து வந்துடுச்சு.

ரப்பர் தோலுக்குள்ள மே மாசம்! வேர்வை கால் வழியா வழிஞ்சு ஷூவுல தேங்குது. இதுல பல்லு செட்டு வேற. அதை மாட்டினா ச வராது.

"தார், தண்ணி."

"சூப்பர்! அந்தக் குரலை அப்படியே வெச்சுக்கோ!"

யோவ், தண்ணி கேட்டேன்யா.

13 மே, செவ்வாய்

ஒண்ணு நடந்துபோச்சு. தப்பா சரியா தெரியலை, எழுதி வெக்கிறேன்.

முதல் பாய்ச்சல் ஷாட். தேவிப்ரியா மூலையில நடுங்கிக்கினு நிக்கிறாங்க. நான் இருட்டுல இருந்து பாயணும். ஆக்‌ஷன் சொன்னாங்க. நான் என்ன பண்ணேன் தெரியுமா? தரையைத் தொட்டு ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டு, இடது காதை ஒரு இழு இழுத்துட்டுப் பாய்ஞ்சேன். கபடியில எதிராளி பக்கம் ரெய்டுக்குப் போறப்ப கோட்டைத் தொட்டுக் கும்பிடறது எல்லாரும் பண்றதுதான். அந்தக் காது இழுக்கிறது என் பழக்கம். காலேஜ் கோச் திருகித் திருகி வந்தது. இப்ப அவர் இல்லாட்டியும் நானே திருகிக்கிறேன். பத்து வருஷப் பழக்கம், கை தானா போயிடுச்சு. மனுஷனைத் தின்னப் போற மிருகம் யாராவது கும்பிட்டுட்டுப் போகுமா?

கட் சொல்லலை. அப்புறம் பார்த்தா டைரக்டர் கண்ணுல தண்ணி.

"இதை எங்க புடிச்ச?"

"தானா வந்துது தார்."

"மண்ணைக் கும்பிட்டுட்டு வேட்டைக்குப் போற மிருகம்... ஐயோ! எல்லா ஷாட்லயும் பண்ணு!"

மூக்காயி அக்காவையும் பண்ணச் சொன்னார். அவங்க "எனக்குக் காது குத்துன எடம் புண்ணா இருக்குது, நான் வல்லை"ன்னுட்டாங்க.

16 மே, வெள்ளி

இன்னைக்கு நிஜமாவே மாட்டிக்கிட்டோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி குடோன் ஷட்டர் தடால்னு இறங்கிடுச்சு. சாப்பாடு வெளியே, நாங்க உள்ளே. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிட்டார். சாக்கும் சுண்ணாம்பும் அடைச்சு வெச்சதுல போன்ல டவரே இல்லை.

குகைக்குள்ள பத்து நாள் உயிர் பிழைக்கிற மாதிரி நடிச்ச ஆறு பேரும் ஒரு டீ குடிக்கிற நேரத்துல உதிர்ந்துபோயிட்டாங்க. ஒருத்தர் மூச்சு முட்டுதுன்னு பாறையைப் பிச்சுக்கினு இருந்தார். ஒருத்தர் பையில ஒளிச்சு வெச்சிருந்த முட்டை பப்ஸை எடுக்க, இன்னொருத்தர் அதைப் பிடுங்க, பப்ஸ் கீழே விழுந்து யாருக்கும் இல்லாம போச்சு. அதுக்கு எழுந்த கூச்சல் படத்துல எங்கேயும் கிடையாது. டைரக்டர் "கேமராவ ஓட்டுங்கடா, நிஜ பயம்டா இது!"ன்னு கத்தறார். கேமராமேன் "நானும் பயத்துலதான் சார் இருக்கேன்"ன்றார்.

தேவிப்ரியா ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. நேத்துதான் அவங்க தோளைக் கடிச்சிருந்தேன். ரப்பர் கையால முதுகைத் தடவிக் கொடுத்தேன். "ஒண்ணும் ஆவாதுங்க"ன்னேன். பாவமாத்தான் இருந்துச்சு.

வாட்ச்மேன் வந்து வெளியே இருந்து கேட்டார்: "பூட்டவே இல்லையே, இன்னாத்துக்குக் கத்தறீங்க? தூக்குனா வருமே." யாரும் தூக்கிப் பார்க்கலை. நானும்தான்.

21 மே, புதன்

இன்னைக்கு நான் செத்தேன். தேவிப்ரியா கயிறு கட்டற இரும்புக் கொக்கியால குத்தணும், நான் பாறை மேல இருந்து விழணும். கொக்கி ரப்பர்தான். ஆனா விழற இடத்துல மெத்தையை நகர்த்தி வெச்சு அதுமேல படுத்துத் தூங்கின ஒருத்தன் அதைத் திருப்பி வெக்கலை. முட்டி நேரா சிமெண்ட்டுல.

"யப்பா!"

பல்லு செட்டு தெறிச்சு ஓடிடுச்சு. குடோனே கேட்கக் கத்திட்டேன். அடிபட்டா எங்க ஊருல வர்றது அந்த வார்த்தைதான். சாரி சார், இன்னொருதடவை போலாம்னேன். டைரக்டர் தலையைத் தலையை ஆட்டறார்.

"வேணாம். மிருகத்துக்கும் ஒரு தகப்பன் இருக்கான். அதான்மா படமே."

மனுஷனுக்கு எதைச் சொன்னாலும் அர்த்தம் கிடைச்சுடுது. கொடுத்து வெச்சவர்.

வீட்டுக்கு நொண்டிக்கினே வந்தேன். அம்மா வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவிச்சு. "இந்த வெளையாட்டு எப்ப ஒழியுதோ"ன்னு திட்டிக்கினே தடவிச்சு. அப்பா முட்டியை எட்டிப் பார்த்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார்.

22 மே, வியாழன்

முகாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். ஏக்கமா இருக்கு. வெக்கங்கெட்ட மிருகம்.

2 ஜூன், திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாச்சு. விசில் ஊதினேன். கார்த்திகைக்கு இன்னும் அஞ்சு மாசம்.

14 நவம்பர், வெள்ளி

'அடிவயிறு' இன்னைக்கு ரிலீஸ். பஸ் ஸ்டாண்டுல போஸ்டர். அம்மா பார்த்துட்டு "இன்னாடி இது, அல்சர் படமா?"ன்னு கேட்டுச்சு. தெரியலைம்மான்னேன். போஸ்டர்ல தேவிப்ரியாவுக்குப் பின்னாடி ஒரு கை தெரியுது. என் கைதான். நகத்தைப் பார்த்தா தெரியும்.

போய்ப் பார்க்கணும் போல இருக்கு. யார் கூடப் போறது? போகலை.

17 நவம்பர், திங்கள்

கெட்டுது போ.

எட்டாங்கிளாஸ் பொண்ணுங்க கிரவுண்டுல என்னைப் பார்த்ததும் வரிசையா நின்னு, தரையைத் தொட்டுக் கண்ணுல ஒத்தி, இடது காதை இழுக்குதுங்க.

"மிஸ், அது நீங்கதான மிஸ்?"

"எது?"

"மனுஷனைத் தின்னுச்சே மிஸ், மூணாவது."

காதைப் பிடிச்சுத் திருகலாம்னு கை போச்சு. திருகியிருந்தா அதுவே சாட்சி ஆயிருக்கும். கையை எடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் யூடியூப்ல பார்த்தா ஒரு விமர்சகர் அரை மணி நேரம் பேசறார். மண்ணைத் தொடறது நிலம் பறிபோன ஆதி மனுஷனோட வலியாம். காதை இழுக்கிறது பூமியோட குரலைக் கேட்கிறதாம். இடது காதுன்றது முக்கியமாம், அரசியலாம். டைரக்டர் இன்னொரு பேட்டியில, இந்த ஒரு செய்கைக்காக மூணு வருஷம் மலையில ஆராய்ச்சி பண்ணேன்றார். மலையில அவர் பண்ண ஆராய்ச்சி ஆட்டை ஓட்டினதுதான்.

19 நவம்பர், புதன்

பிள்ளைங்க வாயிலிருந்து தாய்மார் வாய்க்குப் போய், அங்கிருந்து பஸ் ஏறி நைனார்பாளையம் போய்ச் சேர்ந்துடுச்சு. சந்திரலேகாம்மா அப்பாவுக்குப் போன்.

"சம்பந்தி, உங்க பொண்ணு ஏதோ படத்துல ஆளைத் தின்னுச்சாமே?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்துச்சு. நான் சாம்பாரைப் பார்த்தேன். நிச்சயத்துக்குப் பத்தே நாள். இதோட சம்பந்தம் போச்சுன்னா பள்ளிக்கூட வேலையும் போச்சு, அப்பா வீட்டை விட்டு வெளியே விட மாட்டார்.

"எம்பொண்ணு அப்டி எல்லாம் போவாதுங்க"ன்னார் அப்பா. "வேணும்னா ஞாயித்துக்கெழமை எல்லாரும் போய்ப் பாத்துடலாம். பாத்தா தெரிஞ்சுடப் போவுது."

மறுபடியும் பொண்ணு பார்க்கப் போறாங்க. இந்ததடவை திரையில.

23 நவம்பர், ஞாயிறு

எப்படி எழுதறதுன்னு தெரியலை.

கள்ளக்குறிச்சியில மேட்னி ஷோ. ஒரே வரிசை: அருள்மொழி, சந்திரலேகாம்மா, நான், அம்மா, கடைசியில அப்பா. அம்மா முந்தானையில விபூதி முடிஞ்சு எடுத்து வந்திருந்துச்சு. அருள்மொழி பாப்கார்ன் வாங்கித் தந்தார். எனக்குப் புடவை. உட்கார்ந்தா நடு முதுகு வரைக்கும் வேர்க்குது.

குகை இடிஞ்சு மூடினதும் தியேட்டர் அமைதி. முதல் மிருகம் வந்துச்சு. "இதுவா?"ன்னு சந்திரலேகாம்மா. "இல்லீங்க, இது ஆம்பள"ன்னு அம்மா. மூக்காயி அக்கா வந்தாங்க. "இதுவா?" "இது கொஞ்சம் வயசான மிருகங்க." அப்புறம் நான் வந்தேன். தரையைத் தொட்டேன், கண்ணுல ஒத்தினேன், காதை இழுத்தேன். பின்வரிசையில எங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்க யாரோ விசில் அடிச்சுது. அம்மா என் தொடையைக் கிள்ளிக்கினே இருந்துச்சு.

ஆனா நல்லா இருந்தேன். நானே சொல்லிக்கக் கூடாது. பாறைக்குப் பாறை அப்படிப் போறேன். யார்டா இவன்னு ஒரு பையன் கத்தினான்.

கடைசியில அந்தக் காட்சி. தேவிப்ரியா கொக்கியால குத்தறாங்க. தியேட்டரே எழுந்து கை தட்டுது. குத்து குத்துன்னு கத்தறாங்க. நான் விழறேன். அந்தச் சத்தத்தை இழுத்து, தடிமனாக்கி, என்னென்னவோ பண்ணியிருந்தாங்க. இருந்தாலும் கேட்டுச்சு.

"யப்பா!"

பக்கத்துல சடார்னு ஒரு சத்தம். அப்பா எழுந்து நிக்கிறார். பாப்கார்ன் எல்லாம் கீழே. துண்டைத் திரை பக்கம் வீசி,

"ஏய்! வுடுடி அவள! அது எம்பொண்ணுடி!"

தியேட்டரே திரும்பிப் பார்த்துச்சு. அப்புறம் சிரிப்பு. பின்னாடி ஒருத்தன், "பெரியவரே உக்காருங்க, உங்க பொண்ணு ரெண்டாம் பாகத்துல எழுந்து வரும்"ன்றான். அப்பா உட்காரலை. திரையில நான் கீழே கிடக்கிறேன், அவர் நின்னுக்கினே பார்க்கிறார். கண்ணுல தண்ணி கொட்டுது. அவர் அழுது நான் பார்த்தது இதான் முதல்தடவை.

விளக்கு போட்டாங்க. திரையில பேருங்க ஓடுது. மிருகங்கள்: ராமையா, மூக்கையா. முதல் மிருகம் ராமையா, மூக்காயி அக்கா மூக்கையா ஆயிட்டாங்க, என் பேரே இல்லை. அம்மா எழுந்து நின்னு விரலை நீட்டிச்சு. "பாத்தீங்களா சம்பந்தி! யாரோ ராமையாவாம்! ஆம்பளங்க! இவருக்கு சுகர் ஜாஸ்தி, அதான் கண்ணு அப்பப்ப..."

பாவம் அம்மா. கதவைத் திறந்து வெச்சுட்டு நிக்குது. ஆமாம்னு ஒரு தலையாட்டு போதும், எல்லாம் அப்படியே நடக்கும்.

நான் ராமையா இல்லை.

"அது நான்தாங்க"ன்னேன்.

திட்டுவாங்கன்னு பார்த்தா, சந்திரலேகாம்மா முகம் பூரிச்சுப்போச்சு! "அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? சினிமான்னா சும்மாவா! எங்க பக்கத்துல யாரு வூட்லயும் சினிமா மருமவ கெடையாது. அடுத்த படத்துல மூஞ்சி தெரியும்ல? பொடவை கட்டுற மாதிரி வேஷமா கேளு. அந்தக் கபடிய மட்டும் வுட்டுடு, போதும்."

நாலு பேரைக் கடிச்சுத் தின்னா பரவாயில்லையாம். கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பினாதான் குடும்பத்துக்கு ஆகாதாம்.

எங்கேருந்து வந்துச்சோ தெரியலை. "சினிமாவ வேணா விட்டுடறேங்க. கபடிய விட மாட்டேன். கல்யாணம் ஆனாலும் ஆடுவேன், சொல்லியும் தருவேன். புடிச்சா பாருங்க, இல்லன்னா வேணாம்."

அருள்மொழி இன்னைக்குத்தான் முதல்தடவையா வாயைத் திறந்தார். "அம்மா, பார்க்கிங் டோக்கன் உங்கிட்டயா இருக்குது?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தாங்க. அவர் துண்டைத் தேடி எடுத்து உதறி, முகத்தைத் துடைச்சார்.

"எம்பொண்ணு சொன்னதுதாங்க"ன்னார்.

26 நவம்பர், புதன்

நிச்சயதார்த்தம் வேணாம்னு நைனார்பாளையத்துலேருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மா காலையில இருந்து மூக்கைச் சிந்திக்கினு இருக்கு. அதுக்கு நடுவுல பக்கத்து வீட்டுல போய், படத்துல மூணாவது மிருகம்தான் நல்லா பண்ணியிருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கு.

எனக்கும் அழுகை வந்துச்சு. அருள்மொழிக்காக இல்லை. தலையாட்டியிருந்தா இந்நேரம் அம்மா சிரிச்சுக்கினு பட்டு எடுத்துக்கினு இருக்கும்.

7 டிசம்பர், ஞாயிறு

களமருதூர்ல பெண்கள் கபடி. ரெண்டு வருஷம் கழிச்சு ஆடறேன். முட்டியில கட்டு.

அப்பாதான் வண்டியில கொண்டுவந்து விட்டார். விட்டுட்டுப் போயிடுவார்னு நெனச்சேன். போகலை. வண்டியை நிறுத்திட்டு, கயிறு கட்டின இடத்துக்கு வெளியே வந்து நின்னார். கோட்டை, எதிர் டீமை, என் அரை டிராயரை எல்லாம் ஒருதடவை பார்த்தார். ஒண்ணும் புரியலைன்னு முகத்துலயே எழுதியிருக்கு.

என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுல உன்ன யாரும் குத்த மாட்டாங்களே?"

"இல்லப்பா. இதுல அவுட் ஆனாக்கூட, நம்ம ஆளு பாயிண்ட் எடுத்தா திரும்ப உள்ள வந்துடலாம்."

"திரும்ப வந்துடலாமா?"

"வந்துடலாம்பா."

சரின்னு சொல்லிட்டு, துண்டால பெஞ்ச்சைத் தட்டிட்டு உட்கார்ந்தார்.